கவ்வாத்துக்காரன் பின்னிய சுவெட்டர்

அன்று மாலை நிறுவைக்குப் பெண்கள் வரிசையாக வந்தபோது தவமணியின் உடம்பில் சுவெட்டர் இல்லை.

காலையில் போட்டுக்கொண்டுதான் போனாள். நானே வாசலில் நின்று பார்த்தேன். மெரூன் நிறம். பாதை வளைவு திரும்பும்வரை பனிமூட்டத்துக்குள் அது மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. இப்போது தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, பழைய நீல பிளவுசோடு மடுவத்து வாசலில் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள்.

மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. ஓய்வு பெற்ற எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கையில் பிளாஸ்க்கோடு, மனைவிக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த நல்ல புருஷன்போல நின்றிருந்தேன். உண்மையில் போனது வேறு காரியத்துக்கு. மாதக்கணக்காக நான் பின்னிய சுவெட்டரை நாலு பேர் பார்த்து "நல்லாருக்கே" என்று சொல்வதை என் காதால் கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"சுவெட்டர் எங்க?" என்றேன் அவள் பக்கத்தில் போய்.

"படங்குக்குள்ள சுத்தி வச்சிருக்கேன். பேசாம இருங்க."

படங்கு என்றால் செடி கிழிக்காமலும் ஈரம் ஏறாமலும் இருக்க இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பு. அதற்குள் ஒரு பொலித்தீன் பையில் என் சுவெட்டர், சந்தையில் வாங்கிய கருவாடுபோலச் சுருண்டு கிடந்தது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்று நான் வாய் திறக்க முடியாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணியை ஊற்றினேன். பாதி என் விரலில் ஊற்றிக்கொண்டேன்.

கத்தி பிடித்த கை

போன வாரம் இதே பக்கத்தில் கவ்வாத்து வெட்டுவதைப் பற்றி எழுதியிருந்தேன். மறந்தவர்களுக்கும் இன்றுதான் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கும் ஒரு வரி. சில வருடங்களுக்கு ஒரு தரம் தேயிலைச் செடியை வெட்டிக் குறைப்பதுதான் கவ்வாத்து. அதை ஆண்கள் செய்வோம். பெண்கள் கொழுந்து எடுப்பார்கள். அவர்கள் ஒரு மலையில், நாங்கள் ஒரு மலையில். றொசல்ல ஸ்டேஷன் பக்கத்தில் ரயில் சத்தம் கேட்கிற எங்கள் தோட்டத்தில் என்னைவிடச் சுத்தமாக வெட்டியவன் இருந்தால் அவன் வந்து சொல்லட்டும்.

ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது, கைக்கு வேலை இல்லாவிட்டால் வாய்க்கு வேலை கூடிவிடும் என்பது. சமையல் என் பொறுப்பாயிற்று. சமைத்துவிட்டு, ரேடியோவோடு சண்டை போட்டுவிட்டு, வாசலில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். தவமணி என்னைவிட இளையவள். அவளுக்கு இன்னும் சில வருடம் வேலை இருக்கிறது.

மழைக்காலம் வந்தால் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். வேலைவிட்டு வந்ததும் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள். அதைப் பார்த்துத்தான் ஒரு நல்ல சுவெட்டர் வாங்கிக் கொடுப்போம் என்று ஹட்டனுக்கு பஸ் ஏறினேன்.

விற்க மாட்டேன் என்றவள்

ஹட்டனில் குளிர்ச்சட்டை விற்கிற கடைகள் ஒரு சந்து முழுக்க உண்டு. தொங்குகிறதெல்லாம் பார்க்கத்தான் பளபளப்பு. கையில் எடுத்தால் மறுபக்கம் தெரியும்.

ஒரு கடையில் மட்டும் ஒரு சிங்களப் பெண் முக்காலியில் உட்கார்ந்து, தான் போட்டிருந்த சுவெட்டருக்கு ஜோடியாக இன்னொன்று பின்னிக்கொண்டிருந்தாள். பெயர் சோமா. தடிப்பு என்றால் அது தடிப்பு. அதைத்தான் கேட்டேன்.

"இது விக்கிறதுக்கு இல்ல ஐயே. எனக்குப் பின்னினது," என்றாள் அவளுடைய தமிழில். ஐயே என்றால் அண்ணன். "வேணும்னா நீங்க பின்னுங்க."

பக்கத்துக் கடைக்காரன் சிரித்தான். அவன் மட்டும் சிரிக்காமல் இருந்திருந்தால் இந்த அத்தியாயமே இருந்திருக்காது. நான் எட்டு ஊருக்குக் கேட்கிற குரலில், "பின்னத்தான் போறேன். நூலை எடு நங்கி," என்றேன். நங்கி என்றால் தங்கச்சி.

நூல் நிறம் தெரிவு செய்ய வீட்டுக்கு போன் போட்டேன். நான் முதலில் எடுத்தது கரும்பச்சை. "செடியோட செடியா நின்னா கணக்கப்பிள்ளை என்னையும் சேத்துக் கவ்வாத்து வெட்டிருவாரு," என்றாள் தவமணி. மலையில் எங்கள் வேலையை மேற்பார்க்கிறவர்தான் கணக்கப்பிள்ளை. கடையிலேயே அழகாக இருந்த மெரூன் நிறத்தை வாங்கினேன்.

ஆனால் போனை வைக்கும் முன் ஒரு நிபந்தனை போட்டாள். அதுதான் நான் வாய் திறக்க முடியாமல் போன காரணம்.

"பின்னுங்க, நான் போட்டுக்கிறேன். ஆனா ஆம்பள பின்னுனதுன்னு ஒருத்தர் காதுலயும் விழக்கூடாது. மலையில என்னைய வச்சு வருசம் பூரா சிரிப்பாளுங்க. மக கொழும்புல இருந்து அனுப்புனதுன்னு சொல்லிருவேன். சரியா?"

சரி என்று சொல்லிவிட்டேன். என்னைப்போல ஆளுக்கு வாயைக் கட்டிக்கொள்வதைவிட வயிற்றைக் கட்டிக்கொள்வது சுலபம்.

பலகை

ஊசி நானே செய்தேன். கவ்வாத்து வெட்டிய மலையில் கிடந்த தேயிலைக் கட்டை. தேயிலையை இலையாக மட்டும் தெரிந்தவர்களுக்கு அதன் கட்டை எவ்வளவு கெட்டி என்பது தெரியாது. கத்தியால் சீவி, உடைந்த கண்ணாடித் துண்டால் வழித்து, தேங்காயெண்ணெய் பூசி வெயிலில் வைத்தேன். இழைத்து முடித்தபோது கண்ணாடிபோல வழுக்கியது. அந்த ஊசியை இன்றைக்கும் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

பின்னலை, மகள் சாந்தி கொழும்பிலிருந்து தேடி போனுக்கு அனுப்பிய வீடியோவில் பார்த்தேன். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்து உட்காருவேன். வீடியோவில் வருகிற அம்மாவின் விரல் போகிற வேகத்துக்கு எனக்குத் தலை சுற்றியது. கண்ணிக்குள் ஊசியை விடு, நூலைச் சுற்று, இழு, பழைய கண்ணியைத் தள்ளு. இந்த நாலு காரியத்துக்கு எனக்கு ஒரு காலைப்பொழுது போனது. உலையில் வைத்த சோறும் போனது.

ஒரு முழத் துண்டு பின்னி முடித்ததும் எடுத்துக்கொண்டு சோமாவிடம் போனேன். அவள் அதை வாங்கிக் கடை மேசையில் நிமிர்த்தி வைத்தாள். நின்றது. பலகை மாதிரி தானாகவே நின்றது.

"நூல் ஓடிப் போகாது ஐயே," என்றாள். "விடுங்க அத."

கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடி தளர்ந்தால் கத்தி நழுவிக் காலில் இறங்கும். அந்தப் பிடி எனக்கு முழங்கைவரை ஊறிப் போயிருந்தது. நூலைத் தளர விடுவது என்ற ஒரு பாடத்துக்குத்தான் நான் அதிக நாள் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் ரேடியோவில் யாரோ பேசுவதைத் திட்டிக்கொண்டே பின்னினேன். குனிந்து பார்த்தால் கண்ணிகள் எல்லாம் ஒரே அளவாக, மெத்தென்று இருந்தன. எனக்கு அப்படித்தான் வாய்த்தது. வாய்க்கு வேலை கொடுத்தால் கை தளரும்போலிருக்கிறது.

அதன் பிறகு வேகம் பிடித்துவிட்டது. நேர்ப் பின்னல் வந்தது, புறப் பின்னல் வந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் விளிம்பு ரப்பர்போல இழுபடும் என்று கண்டதும் அடுக்களையில் நானே கை தட்டிக்கொண்டேன். ஒரு கண்ணி நழுவி அடிவரை ஏணிபோல ஓடியபோது கொக்கி ஊசியால் படிப்படியாக மேலே ஏற்றிக் கொண்டுவந்தேன். முதுகுப் பக்கம் ஒரு துண்டு, முன்பக்கம் ஒரு துண்டு, கை இரண்டு. நாலையும் தைத்துச் சேர்த்த அன்று தவமணிக்குப் போட்டுப் பார்த்தேன்.

கைகளைத் தொங்கவிட்டு, கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றாள். எல்லாம் கச்சிதம். மணிக்கட்டுவரை கை. இடுப்புவரை உடம்பு.

"நெசமாவே நீங்கதான் பின்னுனீங்களா?" என்றாள்.

முப்பது வருடத்தில் அவள் என்னைப் பார்த்து இப்படி ஆச்சரியப்பட்டது அதுதான் முதல் தடவை. கல்யாணத்தன்று வேட்டி தடுக்கி விழுந்ததைச் சேர்க்கவில்லை.

கம்பளிக் கதை

இங்கே ஒரு பழைய விஷயம். தோட்டத்துப் பெண்கள் மழைக்குத் தலையிலிருந்து கம்பளி போட்டுக்கொண்டு கொழுந்து எடுத்த காலம் ஒன்று இருந்தது. என் அம்மா போட்டிருக்கிறாள். அந்தக் கம்பளியைப் பற்றிச் சிலர் உருகி உருகிப் பேசுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். நனைந்த கம்பளியை அவர்கள் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஊறிவிட்டால் அது ஒரு ஆள் கனம். காயாது. ஈர நாயின் வாடை. அடுப்படியில் அது தொங்கினால் கறி மணம்கூட மூக்குக்கு வராது.

இப்போது கம்பளி போய் தோளுக்கு ஒரு பொலித்தீன் விரிப்பு வந்திருக்கிறது. மேலே பொலித்தீன், கீழே படங்கு. அதற்குள் ஒரு சுவெட்டர் இருந்தால் போதும், குளிர் கிட்டே வராது என்பது என் கணக்கு. அந்தக் கணக்கில் மண் விழுந்த கதைக்குத்தான் வருகிறேன்.

வீட்டுச் சரிவில் ஒரு பாடம்

மடுவத்திலிருந்து வீட்டுக்கு வரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தேன்.

"வெக்கமா இருந்தா மொதல்லயே சொல்லிருக்கலாம். மக அனுப்புனதுன்னு பொய் சொல்லக்கூட ஒனக்கு வாய் வரல. கழட்டிச் சுருட்டி வச்சுட்ட. நான் எத்தன மாசம்..."

"வெக்கம் இல்லைங்க."

"வேற என்னா?"

அவள் முகத்தைத் துடைத்தாள். பொலித்தீன் பையைப் பிரித்து சுவெட்டரைப் போட்டாள். மேலே படங்கைக் கட்டினாள். கூடைக்குள் ஈர விறகை அள்ளிப் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சரிவில், போஞ்சிப் பாத்திக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"பின்னால வந்து நின்னு பாருங்க."

மழை விட்டு வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. வேலியோரத்துத் தேயிலைச் செடி ஒன்றில் கொழுந்து எடுக்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டினாள். உடம்பு முன்னுக்குச் சாய்ந்தது. கூடை பின்னுக்கு இழுத்தது. கை எட்டிப் போகப்போக சுவெட்டர் மேலே மேலே ஏறியது. படங்குக்குள் இருந்த விளிம்பு உருவிக்கொண்டு வெளியே வந்தது. இடுப்புக்கு மேலே ஒரு சாண் இடம் வெட்டவெளியாக நின்றது. கூடையின் அடியிலிருந்து விறகுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அந்த இடத்தில்தான் விழுந்தது.

"பொலித்தீன்ல ஓடுற தண்ணியும் அங்கதான் எறங்கும்," என்றாள் திரும்பாமலே. "இந்தக் கை வேற. பனியில நனைஞ்சு மணிக்கட்டுல தொங்குது. கொழுந்து எடுக்கறதா, கைய சுருட்டி விடறதா, பின்னால இழுத்து விடறதா? நனைஞ்சு கெட்டுப் போயிருமேன்னுதான் கழட்டி வச்சேன்."

நான் சரிவில் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எத்தன வருசமா அந்த எடத்துல தண்ணி எறங்குது?" என்றேன்.

"மலைக்குப் போன நாள்ல இருந்துதான். ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. இடுப்பு வலிக்கிறது என்றால் தெரியும். எங்கே, எதனால் என்பது தெரியாது. அவள் ஒரு மலையில், நான் ஒரு மலையில். கூடையோடு அவள் நிற்பதை ஒரு முழு நிமிடம் பின்னால் நின்று பார்த்தது அன்றுதான். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

வீடியோவில் வருகிற அம்மா சோபாவில் உட்காருகிறவளுக்கு அளவு சொன்னாள். நானும் அப்படியே எடுத்துவிட்டேன். கொழுந்து எடுப்பவளுக்கு முதுகில் நீளம் வேண்டும். முழங்கைக்குக் கீழே துணி வேண்டாம்.

கத்தரிக்கோல்

மறுநாளே சுவெட்டரையும் ஊசியையும் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். முழுக்கப் பிரித்து முதலிலிருந்து பின்ன வேண்டுமா என்று கேட்கத்தான் போனேன். சோமா கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். விளிம்புப் பட்டைக்கு மேலே ஒரு வரிசையை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"கபன்ன," என்றாள்.

வெட்டு என்கிறாள்.

என் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பய வெண்ட எபா ஐயே. பயப்பட வேணாம். ஒரு கண்ணி மட்டும் வெட்டு. அந்த வரிசையில நூல உருவு. மேல உள்ள கண்ணி எல்லாம் அப்படியே நிக்கும். அத ஊசியில எடுத்துக் கீழ் நோக்கிப் பின்னு."

பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். அன்று சிரித்த அதே ஆள். "அவ்ளோதான், எல்லாம் பிரிஞ்சு கொட்டப்போகுது," என்றான்.

சோமா கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தாள். தான் வெட்ட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டாள்.

அந்த இடத்தில்தான் எனக்குள் பழைய ஆள் எழுந்து நின்றான். நான் கவ்வாத்துக்காரன். இலையும் கிளையுமாக நிற்கிற செடியை, பார்க்கிறவர்கள் ஐயோ என்று சொல்லும்படி வெறும் கட்டையாக வெட்டி விட்டவன். செடியைச் சுற்றிப் பார்க்க வேண்டும். எந்த உயரத்தில் என்று முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்த பிறகு கை தயங்கக் கூடாது. தயங்கிய வெட்டில்தான் கட்டை பிளக்கும்.

பக்கத் தையலைப் பிரித்தேன். சுவெட்டரைச் சுற்றிப் பார்த்தேன். உயரத்தை முடிவு செய்தேன். ஒரு கண்ணியை வெட்டினேன்.

ஒன்றும் கொட்டவில்லை. நூலை மெல்ல உருவ உருவ, விளிம்புப் பட்டை தனியாகக் கழன்று என் மடியில் விழுந்தது. மேலே மெரூன் கண்ணிகள் வாய் பிளந்துகொண்டு வரிசையாக நின்றன. ஒன்றுவிடாமல் தேயிலைக் கட்டை ஊசியில் ஏற்றினேன். பக்கத்துக் கடைக்காரன் தன் கடைக்குள் போய்விட்டான்.

கையிலிருந்து முதுகுக்கு

புது நூல் வாங்கலாம் என்றால் அதே சாயம் கிடைக்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று. இரண்டு கையையும் முழங்கைக்குக் கீழே அதே மாதிரி வெட்டினேன். அங்கே மிச்சமான நூலைப் பிரித்து எடுத்தேன். பிரித்த நூல் சுருள் சுருளாக, நூடுல்ஸ் மாதிரி இருக்கும். அதைப் பின்னினால் மேடும் பள்ளமுமாக வரும். சோமா சொன்னபடி நனைத்து, கொடியில் தொங்கவிட்டு, கீழே ஒரு கல்லைக் கட்டினேன். காய்ந்தபோது நிமிர்ந்துவிட்டது.

கையில் இருந்து தொல்லை கொடுத்த நூல் முதுகுக்குப் போனது. இந்த யோசனை முழுக்க என்னுடையது. சோமாவுடையது இல்லை, வீடியோவுடையதும் இல்லை. அதனால் இன்னொரு தரம் சொல்லிக்கொள்கிறேன்.

முதுகை நேராக நீட்டினால் ஓரமும் நீண்டு இடுப்பில் மடிந்துகொள்ளும். நடுவில்தான் நீளம் வேண்டும். அதற்கு ஒரு வித்தை இருக்கிறது. வரிசை முடியும் முன்பே பாதியில் திரும்பிவிட வேண்டும். அடுத்த தரம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்ப வேண்டும். நடுவில் வரிசை கூடும், ஓரத்தில் கூடாது. கேட்க எளிது. செய்தால் திரும்புகிற இடத்திலெல்லாம் ஓட்டை விழுந்தது. பிரித்தேன், பின்னினேன், மறுபடியும் பிரித்தேன். திரும்பும் முன் அடுத்த கண்ணியின் கழுத்தில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் ஓட்டை விழாது என்று கண்டுபிடித்த அன்று, கதவைச் சாத்தி வைத்திருந்ததால், சுவருக்குத்தான் சொல்ல முடிந்தது.

முடித்துத் தைத்ததும் தவமணி அதைத் தூக்கிப் பார்த்தாள். பின்பக்கம் பிறை மாதிரித் தாழ்ந்து தொங்கியது.

"என்னாங்க இது, சேவல் வாலு மாதிரி?"

"கூடைய மாட்டு," என்றேன்.

மாட்டினாள். சரிவில் போய் நின்று கையை நீட்டினாள். வால் மெல்ல மேலே ஏறி, படங்குக்குள் இருந்தபடியே நின்றுவிட்டது. எனக்குத் திருப்தி வரவில்லை. வீட்டுக்குள் போய் அவளுடைய மட்டக்கம்பை எடுத்து வந்தேன். செடியின் மேல்தளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கப் பெண்கள் கொண்டுபோகிற நேரான கம்பு அது. படங்கைத் தளர்த்தச் சொல்லி, கூடையோடு சாய்ந்து நிற்கிறவளின் இடுப்பில் பிடித்துப் பார்த்தேன். விளிம்பும் கம்பும் ஒன்றாக நின்றன.

"யாராச்சும் பாத்தா நம்மள ஆசுபத்திரிக்கு அனுப்பிருவாங்க," என்றாள் தவமணி. ஆனால் கூடையை இறக்கவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் அந்தச் செடியில் கொழுந்து எடுத்துக்கொண்டு நின்றாள்.

மறுபடியும் மடுவம்

அடுத்த பெருமழை நாளில் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்குப் போனேன். போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். கால் கேட்கவில்லை.

பெண்கள் வந்தார்கள். தவமணி வந்தாள். தோளில் இருந்த பொலித்தீனை எடுத்து உதறினாள். உள்ளே சுவெட்டர் இருந்தது. காலையில் எப்படிப் போனதோ அப்படியே இருந்தது.

அவளுக்குப் பின்னால் நின்றவள் ராமாயி. எங்கள் தோட்டத்தில் ஒருவரைப் பட்டப்பெயர் வைத்து ஒழித்துக்கட்ட வேண்டுமென்றால் ராமாயியிடம் ஒப்படைத்தால் போதும். தவமணி யாருக்குப் பயந்து எனக்கு வாய்ப்பூட்டுப் போட்டாளோ, அது இவளுக்குத்தான்.

"ஏ தவமணி, ஒன் மக மாத்தி அனுப்பிட்டாளாக்கும்? அன்னைக்கிச் சுருட்டிச் சுருட்டி இழுத்த. இன்னைக்கி ஒரு தரம் இழுக்கக் காணமே."

தவமணி கூடையைத் தராசில் மாட்டக் கொடுத்தாள். கணக்கப்பிள்ளை நிறை பார்க்கக் குனிந்தார். நான் பிளாஸ்க் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மக அனுப்பல," என்றாள் தவமணி.

"பின்ன?"

"எங்க வீட்டுக்காரரு பின்னுனது. இந்தா நிக்கிறாரே, இவருதான்."

கணக்கப்பிள்ளை நிமிர்ந்தார். வரிசையின் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு புறப்பட்டு முன்னால் வந்தது. எனக்குக் காது சுட்டது. தவமணி திரும்பினாள். முப்பது வருடத்தில் அவள் மடுவத்தில் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"சிரிங்கடி. சிரிச்சிட்டு அவங்கவங்க இடுப்பத் தொட்டுப் பாருங்க. பெறகு வந்து என் இடுப்பத் தொட்டுப் பாருங்க."

ராமாயிதான் கையை நீட்டினாள். கொழுந்துக் கறை படிந்த விரல்களை முதலில் தன் இடுப்பில் வைத்தாள். பிறகு படங்குக்கு மேலே, அந்த ஒரு சாண் இடத்தில், என் பாதி வரிசைகளின் மேல் வைத்தாள். எடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"காஞ்சு கெடக்குடி," என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. "சூடா இருக்கு."

பெருமையாக இருந்தது. வேறு சொல் தேட மாட்டேன். கவ்வாத்தில் என் வெட்டைப் பார்த்துத் தோட்டத்தை நடத்துகிற துரையே தோளில் தட்டியிருக்கிறார். அது இதற்குப் பக்கத்தில் வராது. பேசு பேசு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பேச அனுமதி கிடைத்த அன்றைக்குப் பார்த்து வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

தவமணி பிளாஸ்க்கை என் கையிலிருந்து வாங்கித் தானே ஊற்றிக் குடித்தாள்.

ராமாயி என்னைப் பார்த்தாள். "அண்ணே," என்றாள். இத்தனை வருடத்தில் பட்டப்பெயர் இல்லாமல் அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. "எனக்கு இவள விட முதுகு நீளம். நூல் நான் வாங்கித் தந்தா பின்னுவீங்களா? இந்தா, அளவு வேணும்னா இப்பவே எடுங்க."

சொல்லிக்கொண்டே தலைக் கயிற்றில் கை வைத்தாள்.

"கூடைய எறக்காத ராமாயி," என்றேன். "கூடையோடயே நில்லு."